படுத்திருப்பவளின் காரணம்

யாரையும் கேட்காமலேயே பதிலைக் கையில் வைத்திருக்கும் கோட்பாடுகள் மேல் எனக்கு நெடுநாளாக ஓர் ஒவ்வாமை உண்டு. மார்க்சியத்தின் மலிவுப் பதிப்பிலும் ஃபிராய்டின் மலிவுப் பதிப்பிலும் அதைப் பார்த்துச் சலித்தாயிற்று. இப்போது அது பரிணாம உளவியலின் பெயரில் வருகிறது. ஒரு பெண் மூக்கைத் திருத்திக்கொள்கிறாள், மார்பைப் பெரிதாக்கிக்கொள்கிறாள், பிள்ளை பெற்றுத் தளர்ந்த வயிற்றை இறுக்கித் தைத்துக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டால் அவளிடம் ஒரு காரணம் இருக்கிறது. பரிணாம உளவியலாளர் அதை மறுப்பதில்லை, மறுத்தாலாவது வாதாடலாம். அவர் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அது அவள் நினைத்துக்கொண்டிருக்கும் காரணம், அடியில் இருப்பது வேறு என்கிறார். இளமைக்கும் கருவளத்துக்கும் ஆரோக்கியத்துக்குமான அடையாளங்களை ஆண் தேடுகிறான், பெண் அவற்றைக் கூட்டிக் காட்டுகிறாள், பல்லாயிரம் தலைமுறைகளாக நடக்கும் இந்தப் பேரத்தில் கத்தியும் சிலிக்கானும் புதுச் சரக்கு, அவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் எது பிழை என்று சட்டென்று விரல் வைத்துக் காட்டவும் முடியவில்லை. உறுத்தலே அதுதான். அவள் எதைச் சொன்னாலும் இந்த விளக்கத்தில் ஒரு செங்கல்கூட நகராது. அவள் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அது இதே மாதிரிதான் நின்றிருக்கும்.

1962இல் ஹூஸ்டன் நகரத்தின் ஜெஃபர்சன் டேவிஸ் மருத்துவமனைக்கு ஒரு பெண் வந்தாள். ஏழைகள் போகும் மருத்துவமனை. ஆறு பிள்ளைகளின் தாய். மார்பில் பச்சை குத்தியிருந்த ரோஜாப்பூக்களை அழிக்க வேண்டும், வந்தது அதற்குத்தான். அங்கே தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் சிலிக்கான் பை ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, அதைப் பொருத்துவதற்கு ஓர் உடலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எஸ்மரால்டா என்ற நாய்க்கு வைத்துப் பார்த்தாயிற்று. கண்ணாடிக் குப்பிகள் போய்ப் பிளாஸ்டிக் பைகளில் இரத்தம் வரத் தொடங்கியிருந்த காலம் அது. அப்படி ஒரு பையைக் கையில் பிடித்து அமுக்கியபோதுதான் ஜெரோவுக்கு இந்த யோசனை வந்தது என்று மருத்துவ வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டார்கள். அவள் மார்பைப் பற்றி அதுவரை யோசித்ததே இல்லை. அவளுக்குக் குறையாகப் பட்டது துருத்திக்கொண்டிருந்த தன் காதுகள். காதையும் சேர்த்துச் சரிசெய்து தருகிறோம் என்றதும் ஒப்புக்கொண்டாள். இருபதாம் நூற்றாண்டில் பெண்ணின் அலங்கார ஆசைக்கே சின்னமாகிப்போன ஓர் அறுவையின் முதல் நிகழ்வு இது. ஆசை மருத்துவரின் உள்ளங்கையில் பிறந்திருக்கிறது. பெண்ணின் காரணம் காதில் இருந்திருக்கிறது. ஒரே ஒரு சம்பவத்தை வைத்துக் கோட்பாட்டைக் கவிழ்க்க முடியாது, தெரியும். ஆனால் பிற்காலத்தில் கோடிக்கணக்கில் பணம் புரண்ட ஒரு தொழிலின் பிள்ளையார்சுழியில், யாருடைய ஆசை யாருடைய உடலில் போடப்பட்டது என்ற கணக்கு இவ்வளவு வெளிப்படையாகக் கிடக்கும்போது, அதைத் தாண்டிக் குகை மனிதனிடம் ஓடுவதற்கு என்ன அவசரம் என்று கேட்கத் தோன்றுகிறது.

காது என்றதும் எனக்கு எங்கள் ஆச்சி நினைவுக்கு வருகிறாள். தாமிரபரணிப் பக்கத்தில் அவள் தலைமுறைப் பெண்களுக்குக் காது வளர்ப்பது வருடக்கணக்கான வேலை. கைக்குழந்தையாக இருக்கும்போதே குத்தி, துளையில் பஞ்சையும் ஓலைச்சுருளையும் செருகிப் பெரிதாக்கி, பிறகு ஈயக் குணுக்குகளை மாட்டி, மடல் தோளைப் பார்த்து வடியும்வரை விடுவார்கள். கல்யாணத்துக்கு அந்த வடிகாதில் பாம்படம் ஏறும். மதுரை, ராமநாதபுரம் பக்கம் தண்டட்டி. காது நன்றாக வளராத பெண்ணைக் கட்டிக்கொடுப்பது பாடு என்பார்கள். பிறகு காலம் திரும்பியது. தோடும் கம்மலும் வந்தன. தொங்கும் காது பட்டிக்காட்டு அடையாளமாயிற்று. அதே மடலைப் பல பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் அறுத்துத் தைத்துக் குட்டையாக்கிக்கொண்டார்கள். ஆச்சி அதைச் செய்துகொண்டது பேரன் பேத்தி எடுத்து, தாத்தாவும் போய்ச் சேர்ந்த பிறகு, சென்னையில் மகள் வீட்டோடு வந்து இருப்பதற்கு முன்னால். மடலின் ஓரத்தில் தையல் ஓடிய தழும்பு கடைசிவரை வெளுத்துத் தெரிந்தது. “வலிக்கலையா ஆச்சி?” என்று கேட்டிருக்கிறேன். “வலிச்சா என்ன மக்களே. பட்டணத்துல பஸ்ஸுல ஏறுனா மூஞ்சியப் பாக்க மாட்டாவ, காதத்தான் பாக்காவ. எவனும் பாக்காம இருந்தாப் போதும்னு இருந்துச்சு” என்றாள். பிறர் கண்ணை இழுப்பதற்காகப் பெண் உடலை மாற்றிக்கொள்கிறாள் என்று சொல்லும் கோட்பாட்டிடம், பிறர் கண்ணிலிருந்து தப்பிப்பதற்காக உடலை மாற்றிக்கொண்ட ஒரு விதவைக் கிழவியை எங்கே உட்காரவைப்பது?

அவர்கள் உட்காரவைத்துவிடுவார்கள் என்பதும் தெரியும். வடிகாது குடும்பத்தின் வளத்தைக் காட்டும் அடையாளம், அத்தனை பவுனைத் தொங்கவிட முடிந்த வீட்டுப் பெண் என்பதற்கான சாட்சி. தைத்த காது புதிய இடத்தில் மதிப்பைக் காட்டும் அடையாளம். நீண்டாலும் கணக்குச் சரி, குறைந்தாலும் கணக்குச் சரி. ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவான்டினும் 1979இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை குத்திக் காட்டியது இந்த வசதியைத்தான். வெனிஸின் சான் மார்க்கோ தேவாலயத்தில் வளைவுகள் குவிமாடத்தைத் தாங்கும் இடங்களில் முக்கோண வடிவத்தில் இடைவெளிகள் உண்டு. அவற்றில் அவ்வளவு அழகாகச் சித்திரங்கள் அமர்ந்திருப்பதைப் பார்த்தால், சித்திரத்துக்காகவே அந்த இடத்தைக் கட்டினார்கள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் வளைவின் மேல் குவிமாடத்தை வைத்தால் அந்த முக்கோணம் வந்தே தீரும்; சித்திரம் பின்னால் வந்தது. உயிர்களிடம் காணும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் கற்பித்துக் கதை சொல்வதை அவர்கள் அன்று எதிர்த்தார்கள். அதற்குப் பின் பரிணாம உளவியல் பக்குவப்பட்டிருக்கிறது என்கிறார்கள். நல்ல ஆய்வாளர்கள் பக்குவப்பட்டிருக்கிறார்கள்தான். அழகு அறுவையைப் பற்றி அவர்களை மேற்கோள் காட்டி எழுதுபவர்களிடம் அந்தப் பக்குவத்தை நான் காணவில்லை.

இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்ட எண் 0.7. அதைக் கொடுத்தவர் இந்தியாவில் பிறந்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தேவேந்திர சிங். 1993இல் வெளிவந்த அவரது கட்டுரையில் பெண்ணுருவங்களின் பன்னிரண்டு கோட்டோவியங்கள் இருக்கின்றன. மெலிந்தது, நடுத்தரம், பருத்தது என மூன்று எடை. ஒவ்வொன்றிலும் இடைக்கும் இடுப்புக்குமான விகிதம் 0.7லிருந்து 1.0 வரை நான்கு படிகள். நீச்சலுடை, ஒரே நிற்கும் பாங்கு. ஆண்களிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். இடை சிறுத்த 0.7 வென்றது. கூடவே மிஸ் அமெரிக்கா அழகிகளையும் பிளேபாய் பத்திரிகையின் நடுப்பக்கப் பெண்களையும் எடுத்துக்கொண்டு, பல பத்தாண்டுகளில் அவர்கள் எடை குறைந்துகொண்டே வந்தபோதும் இந்த விகிதம் அநேகமாக மாறவில்லை என்றார். அந்தப் பட்டியலை 2002இல் ஜெர்மி ஃபிரீஸும் ஷெரி மீலண்டும் மறுபடி கணக்கிட்டபோது, விகிதம் சொல்லப்பட்ட அளவுக்கு நிலையாக இல்லை என்று தெரிந்தது. அதற்கு முன்பே, 1998இல், டக்ளஸ் யூவும் கிளென் ஷெப்பர்டும் பெருவின் மழைக்காட்டில் வெளியுலகத் தொடர்பு குறைந்த மட்சிகென்கா கிராமத்து ஆண்களிடம் அதே ஓவியங்களைக் காட்டினார்கள். அவர்களுக்குப் பருத்த, இடை சிறுக்காத உருவமே பிடித்தது. இடை ஒடுங்கியவள் உடம்புக்கு முடியாதவளாகத் தெரிந்தாள். தான்சானியாவின் ஹட்சா மக்களிடமும் முதலில் இப்படித்தான் முடிவு வந்தது. பிறகு பக்கவாட்டு ஓவியங்களைக் காட்டியபோது அவர்களும் பின்புறம் எடுப்பான உருவத்தையே விரும்பினார்கள், விகிதக் கோட்பாட்டுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. படத்தைத் திருப்பினால் முடிவும் திரும்புகிறது.

நான் அந்தப் பன்னிரண்டு ஓவியங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பன்னிரண்டுக்கும் ஒரே முகம். அந்த முகத்துக்கு எந்தப் பாவமும் இல்லை. ஆய்வுக்கு அது தேவை, முகம் மாறினால் முடிவு கலங்கிவிடும் என்பது புரிகிறது. சிங்கைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆணின் கண் எதில் தங்குகிறது என்று கேட்டார், ஆணிடம் கேட்டார், கேட்டதற்கு விடை பெற்றார். முறை சரி. இதிலிருந்து அடுத்த படிக்குத் தாவுவதில்தான் கோளாறு. ஆண் 0.7ஐ விரும்புகிறான், ஆகவே பெண் 0.7க்காகக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக்கொள்கிறாள் என்று எழுதும்போது அந்த ‘ஆகவே’க்கு எந்தப் பரிசோதனையும் நடந்திருக்கவில்லை. கண்ணை ஆராய்ந்தவர்கள் அதன் முடிவைக் கொண்டுபோய்க் கத்தியின் கீழ் படுத்திருப்பவளின் மனத்தில் ஒட்டுகிறார்கள்.

நிக்கோ டின்பெர்கன் செய்த சோதனைகளை இங்கே கொண்டுவருவது வழக்கம். கடற்காக்கைக் குஞ்சு தாயின் அலகில் உள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தி இரை கேட்கும். டின்பெர்கன் மெல்லிய சிவப்புக் கோல் ஒன்றில் மூன்று வெள்ளைப் பட்டைகள் தீட்டி நீட்டினார். குஞ்சு தாயின் தலையைவிட அதை ஆவேசமாகக் கொத்தியது. சிப்பி தின்னும் ஒரு கரைப்பறவை, தன் முட்டையை விட்டுவிட்டு, ஏறி உட்காரவும் முடியாத பெரிய போலி முட்டையை அடைகாக்கப் பார்த்தது. இயற்கைத் தூண்டலை மிஞ்சும் மிகைத் தூண்டல் என்று இதற்குப் பெயர். சிலிக்கான் மார்பை இதனோடு ஒப்பிட்டு எழுதாத வெகுஜன அறிவியல் புத்தகம் அரிது. ஒப்பீடு கூர்மையானது, மறுக்கவில்லை. ஆனால் நீங்களே கவனியுங்கள்: இதில் விளக்கப்படுவது குஞ்சு. கோலைப் பற்றி இந்தச் சோதனை எதுவுமே சொல்வதில்லை. கோலுக்கு மனம் கிடையாது, அதைத் தீட்டியவர் டின்பெர்கன். ஒப்பீட்டை முழுக்க ஏற்றுக்கொண்டால் பெண் கோலின் இடத்தில் நிற்கிறாள், தீட்டும் கை வேறு யாருடையதோ. அந்தக் கை யாருடையது என்று பார்க்கப்போனால் பரிணாமத்தை விட்டு இறங்கிச் சந்தைக்கு வர வேண்டியிருக்கும்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. அழகு முழுக்க முழுக்கக் கலாச்சாரம் ஊட்டியது, விளம்பரம் ஊட்டியது என்று சொல்பவர்களோடும் என்னால் நிற்க முடியவில்லை. ஜூடித் லாங்லோவா 1987இல் சில மாதக் குழந்தைகளுக்கு இரண்டிரண்டு முகப் படங்களைக் காட்டினார். பெரியவர்கள் அழகு என்று ஏற்கெனவே மதிப்பிட்ட முகத்தைக் குழந்தைகளும் கூடுதல் நேரம் பார்த்தன. அந்த வயதுக்கு எந்த விளம்பரமும் எட்டியிருக்காது. உடலில் ஏதோ இருக்கிறது. பசி உணவுக்கான தகவமைப்பு என்று சொன்னால் அது உண்பவளை அவமதிப்பதாகாது. அவள் தீபாவளிக்கு அதிரசம் சுட்டதற்கான காரணமும் அதனால் பொய்யாகிவிடாது. உடனடிக் காரணம் ஒன்று, தொலைக் காரணம் ஒன்று, இரண்டும் வெவ்வேறு மட்டத்தில் உண்மையாக இருக்கலாம். பாடப்புத்தகங்களிலேயே இது இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறதென்றால் தொலைக் காரணம் எழுந்து வந்து உடனடிக் காரணத்தின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. எவரும் அதிரசம் சுடுபவளிடம் போய் உன் உண்மைக் காரணம் சர்க்கரைக்கான ஆதி வேட்கை என்று சொல்லி அவள் வாயை அடைப்பதில்லை. அறுவை மேசையில் படுப்பவளிடம் மட்டும் சொல்கிறார்கள்.

தென்கொரியாவை எடுத்துக்கொள்ளலாம். சியோலில் அப்குஜோங் சுரங்க ரயில் நிலையத்தின் சுவர்களில் அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்ற ஜோடிப் படங்கள் வரிசையாக இருந்ததைக் காணொளிகளிலாவது பார்த்திருப்பீர்கள். அதிகம் செய்யப்படுவது கண்ணிமையில் ஒரு மடிப்பை உண்டாக்கும் சிறு அறுவை. வெள்ளைக்காரியைப் போல ஆகும் ஆசை என்று வெளியிலிருந்து சொல்வார்கள். கொரியப் பெண்கள் இதைக் கேட்டு எரிச்சலடைவது நியாயம்தான். இமை மடிப்போடு பிறக்கும் கிழக்காசியர் ஏராளம். ஜப்பானிய மருத்துவர் ஒருவர் 1896லேயே இந்த அறுவையைப் பதிவு செய்துவிட்டார். இருந்தாலும் கொரியக் கதையில் அமெரிக்கக் கை உண்டு. கொரியப் போருக்குப் பின் அங்கே பணியாற்றிய ரால்ஃப் மில்லார்ட் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் இமை அறுவை செய்துவிட்ட ஆரம்பகால ஆட்களில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர். ஆண். தன் ஒடுங்கிய கண்களைப் பார்த்து அமெரிக்கர்கள் தன்னை நம்பத் தயங்குகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பெண்ணைக் கவர அல்ல, பிழைப்புக்கு. 1997இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கொரியாவில் வேலை தேடும் தலைமுறைக்கும் பிழைப்பே காரணமாயிற்று. விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்டியாக வேண்டியிருந்தது. ‘வேலைக்கான அறுவை’ என்றே அங்கு ஒரு பிரிவு பேச்சில் இருக்கிறது. 2017இல் அரசுத்துறை வேலைகளில் புகைப்படம் இல்லாத விண்ணப்பங்கள் வந்தன. 2019இல் சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்குத் தொடர்பில்லாத தோற்றம், உயரம், எடை பற்றிய தகவல்களை விண்ணப்பதாரரிடம் கேட்பது தடைசெய்யப்பட்டது. தொல்மனித இச்சைதான் அடிப்படைக் காரணம் என்றால், சட்டமியற்றுபவர்கள் விண்ணப்பப் படிவத்தில் கை வைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு விஷயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

அதே நாட்டின் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 2023இல் தென்கொரியாவில் ஒரு பெண்ணுக்கான சராசரிப் பிள்ளைப்பேறு 0.72. உலகிலேயே கீழ்மட்டத்தில் இருக்கும் அளவுகளில் ஒன்று. கருவளத்தின் அடையாளங்களை இவ்வளவு செலவழித்துத் தீட்டிக்கொள்ளும் ஊரில் பிள்ளைகள் பிறப்பதில்லை. பரிணாம உளவியலாளர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள், மோசமான பதிலும் அல்ல. ஜான் டூபியும் லீடா காஸ்மிடஸும் முன்வைத்த கருத்துப்படி மனிதர்கள் சந்ததியைப் பெருக்கும் நோக்கத்தோடு இயங்குபவர்கள் அல்ல. பழைய சூழலில் உருவான தகவமைப்புகளைப் புதிய சூழலிலும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். கருத்தடை மாத்திரை இருக்கும் உலகில் இச்சைக்கும் பிள்ளைக்கும் இடையிலான கயிறு அறுந்துவிட்டது, இச்சை மட்டும் மிச்சம் என்பார்கள். சரி. ஆனால் பிள்ளை பெறாவிட்டாலும் கோட்பாடு சரி, திருமணமே வேண்டாம் என்றாலும் சரி, 2018இல் ஒப்பனைப் பொருட்களை உடைத்து முடியை ஒட்ட வெட்டி ‘கச்சையைக் கழற்றுவோம்’ என்று ஆயிரக்கணக்கான கொரிய இளம்பெண்கள் கிளம்பினாலும் சரி என்றால், எது நடந்தால் கோட்பாடு தவறு என்று ஒப்புக்கொள்வார்கள்? இன்னொரு சந்தேகமும் கூடவே வருகிறது. மார்பைப் பெருக்குவதற்கு விளக்கம் இருக்கிறது. மார்பைக் குறைப்பதற்கு? உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்தித் தோளில் பள்ளம் விழுந்து, முதுகு வலித்து, குனிந்தே நடந்து பழகி, ஒருநாள் குறைத்துக்கொள்ள வரும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கோட்பாட்டின் கண்ணில் அவள் இருந்த செல்வத்தை வெட்டி எறிகிறவள். வெகுஜனக் கட்டுரைகளில் அவளை நான் சந்தித்ததே இல்லை.

காரணத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள் யார் என்று தேடினால் இரண்டு பெயர்கள் கிடைக்கின்றன. சுசான் நோயல், பிரெஞ்சுக்காரர், அழகு அறுவைத் துறையின் முன்னோடிகளில் ஒருவர், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். 1926இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அழகு அறுவையின் சமூகப் பங்கு என்ற சொற்கள் இருக்கின்றன. அவரிடம் வந்த பெண்களில் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவர்கள் பலர். முகம் சுருங்கினால் கடை முதலாளி இளையவளை வைத்துக்கொள்வான். முகத்தோலை இழுத்துத் தைப்பதும் வாக்குக் கேட்பதும் நோயலுக்கு ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள். இன்றைய பெண்ணியவாதி இதைக் கேட்டு நெளிவார். நானும் நெளிந்தேன். முதலாளியைத் திருத்தாமல் தோலைத் திருத்துவது என்ன விடுதலை? ஆனால் மாதக் கடைசியில் வாடகை கொடுக்க வேண்டியவளுக்கு முதலாளி திருந்தும்வரை காத்திருக்க முடியுமா என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இரண்டாமவர் கேத்தி டேவிஸ். நெதர்லாந்தில் அழகு அறுவைகளுக்குப் பொதுக் காப்பீடு பணம் கொடுத்த காலத்தில், விண்ணப்பித்த பெண்களிடம் உட்கார்ந்து பேசினார். காப்பீட்டு மருத்துவரின் அறையில் விண்ணப்பதாரர்கள் வந்துபோவதையும் பார்த்தார். பெரும்பாலானவர்களிடம் எதைத் திருத்த வந்திருக்கிறார்கள் என்று அவரால் ஊகிக்கவே முடியவில்லை. அவர்கள் பேசியதில் அழகியாக வேண்டும் என்பது குறைவு. சாதாரணமாக இருந்தால் போதும் என்பதே திரும்பத் திரும்ப வந்தது. 1995இல் நூல் வெளிவந்தபோது டேவிஸைச் சக பெண்ணியவாதிகள் சிலர் கடுமையாகத் தாக்கினார்கள், அறுவைக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று. அந்தப் பெண்கள் ஆணாதிக்கத்தால் ஏமாற்றப்பட்டவர்கள், தாங்கள் சொல்வது என்னவென்று தெரியாதவர்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். பரிணாம உளவியலாளருக்கும் இவர்களுக்கும் ஆகவே ஆகாது. ஆனாலும் படுத்திருப்பவள் சொல்வதை எண்ண வேண்டியதில்லை என்ற ஒரு விஷயத்தில் இரு தரப்பும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது.

அவள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்றால், அங்கும் கால் வழுக்குகிறது. காப்பீட்டுப் பணம் துன்பத்துக்குத்தான் கிடைக்கும் என்றால் அவள் துன்பத்தைத்தான் சொல்வாள். தனியார் கிளினிக்கில் வேறு பாடம். கணவருக்காகவோ காதலருக்காகவோ செய்துகொள்கிறேன் என்றால் நல்ல மருத்துவர் தயங்குவார், திருப்பி அனுப்பவும் கூடும். ஆகவே ‘எனக்காகத்தான் செய்துகொள்கிறேன்’ என்ற வாக்கியம் உலகத்து ஆலோசனை அறைகளிலெல்லாம் தயாராக இருக்கிறது. சரியான கடவுச்சொல்லைப் போல அது கதவைத் திறக்கிறது. அது பொய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது மட்டுமே உண்மை என்று நம்பவும் முடியவில்லை. ஆச்சி என்னிடம் சொன்ன காரணத்தைத்தான் மருத்துவரிடமும் மகளிடமும் சொல்லியிருப்பாள் என்று என்ன நிச்சயம்?

ஆண்களிடம் இந்த விசாரணையே நடப்பதில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. பிளாஸ்டிக் சர்ஜரியின் வரலாறே பெரிதும் ஆண்களின் முகத்தில் எழுதப்பட்டது. மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவின் வீரர்களிடம் பிடிபட்டு மூக்கறுக்கப்பட்ட காவஸ்ஜி என்ற வண்டியோட்டிக்கு, புனே பக்கத்தில் நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு வைத்தார்கள். அந்தச் செய்தி 1794இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்தது; அதைப் படித்துப் பயின்ற ஜோசப் கார்ப்யூ 1814இல் அங்கே அதைச் செய்து காட்டினார். முதல் உலகப் போரில் தாடை பறிபோன சிப்பாய்களுக்கு ஹரால்ட் கில்லிஸ் சிட்கப் மருத்துவமனையில் முகங்களை உருவாக்கினார். அவர்கள் ஏன் முகம் வேண்டும் என்றார்கள் என்பதற்கு யாரும் துணைதேடும் கோட்பாட்டைக் கொண்டுவரவில்லை. மனிதன் மனிதரிடையே நடமாட வேண்டும், வேறென்ன காரணம் வேண்டும்? அது போர்க்காயம், இது ஆடம்பரம் என்று பிரிப்பார்கள். சரி, இன்று சென்னை மேம்பாலங்களுக்குப் பக்கத்தில் வழுக்கைத் தலையும் முடி முளைத்த தலையுமாக நிற்கும் விளம்பரப் பலகைகள் எந்தப் போருக்கு? முடி நட்டுக்கொள்பவர் ‘கொஞ்சம் தன்னம்பிக்கைக்காக’ என்றால் கேட்டுக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போகிறோம்.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பை அழகுக்காகவும் இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்று தமிழக அரசு அறிவித்தது. பணக்காரர்களுக்குக் கிடைக்கும் அழகுச் சிகிச்சை ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது, இங்கே கிடைக்காவிட்டால் கடன் வாங்கித் தனியாரிடமோ ஆபத்தான இடத்துக்கோ போவார்கள் என்ற பொருளில் அப்போதைய சுகாதார அமைச்சர் பேசினார். உலகப் பத்திரிகைகள் எழுதின. காய்ச்சலுக்கு மாத்திரை போதாத மாநிலத்தில் இது தேவையா என்று பொது சுகாதாரத் துறையில் இருந்தவர்களே கேட்டார்கள். ரியோ டி ஜெனிரோவில் இவோ பிட்டாங்கி சாந்தா காசா மருத்துவமனையின் பொது வார்டில் பல பத்தாண்டுகளாக ஏழைப் பெண்களுக்கு இதைச் செய்துகொடுத்தபோதும் இதே சண்டைதான்; அங்கே ஏழையின் உடலில் பயிற்சி மருத்துவர்கள் கை பழகுகிறார்கள் என்ற கூடுதல் முள்ளும் உண்டு. அறிவிப்பு சரியா தவறா என்பதில் எனக்கு இன்றும் இரண்டு மனம். அந்த வாரங்களில் வந்த பத்திகளையும் விவாதங்களையும் தேடித் தேடிப் படித்தேன். அமைச்சர் பேசினார், மருத்துவர்கள் பேசினார்கள், ஓய்வுபெற்ற இயக்குநர் பேசினார், எழுத்தாளர்கள் பேசினார்கள். ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவின் வரிசையில் சீட்டை வைத்துக்கொண்டு நின்றவள் ஓரிரு வரிகளுக்கு மேல் எங்கும் பேசவில்லை.

பரிணாம உளவியல் பொய் என்று நான் சொல்லவில்லை. அது பார்ப்பவரின் கண்ணைப் பற்றிய படிப்பு, அந்த அளவில் சுவையான படிப்பு, தொடரட்டும். பெண்கள் ஏன் கத்திக்குச் சம்மதிக்கிறார்கள் என்பதற்கு அதனிடம் விடை இல்லை. கேட்டால்தானே விடை வரும். இனி இந்த வகை ஆய்வு ஒன்றைப் பற்றி எங்காவது படிக்க நேர்ந்தால், தலைப்பை விட்டுவிட்டுக் கேள்வித்தாளை நிரப்பியவர்கள் யார் என்று மட்டும் பாருங்கள். அவர்கள் இருபது வயதுக் கல்லூரி ஆண்கள் என்றால், அது இருபது வயதுக் கல்லூரி ஆண்களைப் பற்றிய ஆய்வு.